எலி விழுந்த வீடு

1

1912 நவம்பர் 18, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். நல்ல குளிர். ஐந்தே காலுக்கு வாசல் தெளித்தேன். ஐந்தரைக்குத் தெரு நல்லியில் தண்ணீர் வந்தது; நான்கு குடம் பிடித்தேன். இங்கே குழாயை நல்லி என்பார்கள், நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். அடுப்பு மூட்ட விறகு எடுக்கப் போனபோது மூலையில் ஒரு செத்த எலி கிடந்தது. இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்கி, பின்கதவைத் திறந்து, சந்தில் எறிந்தேன். கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். ஆறரைக்குக் கஞ்சி கொதித்தது. ஏழுக்கு எஸ்தரை எழுப்பித் தலை பின்னினேன். ஏழேமுக்காலுக்கு அவர் அச்சுக்கூடத்துக்குப் புறப்பட்டார். எட்டு மணிக்குத் தெருமுனையில் ஜட்கா ஏறினேன். நாலரைக்குத் திரும்பி வந்து, விளக்கு வைத்து, ஜெபம் முடிந்ததும் நாட்குறிப்பை எடுத்து மேலே சொன்னவற்றை இதே வரிசையில் எழுதினேன். எலிக்கு ஒரு வரி.

திண்டிவனத்தை விட்டு வந்து அன்றோடு ஒரு வருடமும் இருபத்திரண்டு நாளும் ஆகியிருந்தன.

2

ஊரில் இருக்கும் நீங்கள் எல்லோரும் கடிதத்தில் ஒரே கேள்வி கேட்கிறீர்கள்: பெங்களூர் எப்படி இருக்கிறது? எந்தப் பெங்களூர் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. நாங்கள் குடியிருப்பது பேட்டையில். அது மைசூர் மகாராஜாவின் ஆட்சி. நான் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பெண் பள்ளிக்கூடம் தண்டில், அதாவது பட்டாளம் தங்கும் கன்டோன்மென்ட்டில். அது இங்கிலீஷ் துரைத்தனம். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், மாலையில் திரும்பி வருகிறேன். போலீஸ்காரரின் தலைப்பாகைகூட அங்கே வேறு, இங்கே வேறு.

தண்டில் தமிழ் போதும். பேட்டையில் போதாது. ஆனால் பேட்டையில் நான் கன்னடத்தில் வாய் திறந்தால் கடைக்காரர் உடனே தமிழில் பதில் சொல்லிவிடுகிறார். மரியாதைக்குத்தான் செய்கிறார். அதனால் என் கன்னடம் வளரவேயில்லை. என் கணவர் அச்சுக்கூடத்தில் கன்னட எழுத்துக் கோக்கிறார். அச்செழுத்தைத் தலைகீழாக வைத்துத்தான் படிக்க வேண்டும் அல்லவா? அவர் கன்னடத்தைத் தலைகீழாகப் படிப்பார், நேராகப் பேசமாட்டார் என்று நான் கேலி செய்வதுண்டு.

ஜனவரியில் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம். திண்டிவனம், மதராஸ் ராஜதானி என்று எழுதினார். குமாஸ்தா அதன் பக்கத்தில் 'பரஸ்தளத்தவர்' என்று எழுதினாராம், அதாவது வெளியூர் ஆள். ஒவ்வொரு வருடமும் இதை நிரப்ப வேண்டுமா என்று இவர் கேட்டதற்கு, "ஒவ்வொரு வருஷமும்தான். நடுவுல ஊரு மாறிச்சுன்னா சொல்லுங்க" என்றாராம் அவர்.

எங்கள் மூவரில் ஊர் மாறிக்கொண்டிருப்பது எஸ்தர் ஒருத்திதான். அவளுக்குப் பதினொரு வயது. தண்டுவரை தினமும் அலைக்க வேண்டாம் என்று பக்கத்துக் கன்னடப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஒன்று, இரண்டு என்று கன்னடத்தில்தான் எண்ணுகிறாள். தூக்கத்தில் கன்னடத்தில் சண்டை போடுகிறாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நாள் முழுதும் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மகள் "அம்மா, 'சுவர்'னு எழுத எந்த ர?" என்று கேட்கிறாள். ஜெபம் மட்டும் இன்னும் தமிழில் இருக்கிறது.

அடுத்த வீடு புட்டம்மாவுடையது. எங்களுக்கும் அவளுக்கும் ஒரே சுவர். கணவர் இல்லை, மார்க்கெட்டில் காய் விற்கிறாள், கௌரி என்று ஒரே மகள். கார்த்திகை மாதம் வந்தால் இந்த ஊரே மொச்சைக்காய் உரிக்கும். புட்டம்மா வாசலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரிப்பாள். சென்ற டிசம்பரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய் நான் புட்டியைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் அவள்தான்.

"தலகீழா புடிச்சா பயந்துகிட்டு வந்துடுமா டீச்சரம்மா? அடுப்புகிட்ட வையுங்க, தானா எறங்கும்."

அன்றுமுதல் நான் தெருவில் தலை காட்டினால், "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்காமல் விடமாட்டாள். சாப்பிட்டாயிற்றா என்பது அதற்குப் பொருள். ஒரு வருடத்தில் இந்தத் தெரு எங்களுக்குத் தந்தது அந்த விசாரிப்பு ஒன்றுதான். அது எனக்குப் பெரிது.

எலி விஷயத்துக்கு வருகிறேன். திண்டிவனத்தில் செத்த எலியை என்ன செய்வோம்? வாலைப் பிடித்துத் தெருக்கோடியில் போடுவோம், காக்கை கொண்டுபோகும். இங்கே அப்படியில்லை. குளிர்காலத்தில் 'எலி விழுந்தது' என்று யாராவது சொன்னால் பேச்சு நின்றுவிடும். எலி தானாக விழுந்து செத்த வீட்டில் அடுத்தது மனிதர்தான். பிளேக் அப்படித்தான் வரும். அந்த எலியைத் தொடக்கூடாது, சுகாதார ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகையில் போய் இருக்க வேண்டும். சென்ற குளிர்காலத்தில் எங்கள் பக்கம் நோய் வரவில்லை, ஆகையால் நான் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். படித்திருக்கிறேன். என் வகுப்புச் சுவரிலேயே ஒரு எலிப் படம் மாட்டியிருக்கிறது. தெரிந்திருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. காலை ஐந்தேமுக்கால் மணிக்கு என் கை திண்டிவனத்துக் கையாகவே இருந்தது.

3

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாலரை மணிக்கு ஜட்காவிலிருந்து இறங்கினால் புட்டம்மா வீட்டு வாசலில் பதினைந்து பேருக்குக் குறையாமல் நின்றார்கள். நடுவில் சுகாதார இன்ஸ்பெக்டர். அவர் ஆள் கையில் மூடி போட்ட ஒரு தகரம், மண்ணெண்ணெய் நாற்றம். சந்து பெருக்கும் பெண் புட்டம்மாவின் பின்படியில் செத்த எலி கிடந்ததைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பேசியது கன்னடத்தில். எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன்.

"நம்ம வீட்டு எலி இல்ல சாமி! நம்ம வீட்டுல எலியே கெடையாது. பூனை இருக்குது, வேணும்னா அதைக் கேளுங்க!"

"பூனை சாட்சி சொல்லாதம்மா. உங்க படியில கெடந்தது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். ஓட்டைப் பிரிச்சு வெயில் விடுவாங்க, மருந்து அடிப்பாங்க. நீங்க பத்து நாள் கொட்டகையில இருக்கணும். ஜுரம் வரலன்னா விட்டுடுவோம்."

"பத்து நாளா? ஒம்பதாம் நாள் பொண்ணுக்கு மதுவே!"

மதுவே என்றால் கல்யாணம். இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை முகூர்த்தம் என்று புட்டம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.

"சத்திரத்துல வச்சுக்கங்க."

"எலி விழுந்த வீட்டுப் பொண்ணை எந்தச் சத்திரத்துல சாமி உள்ள விடுவாங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தும்கூரு. காதுல விழுந்தா போதும், வண்டியே கட்டமாட்டாங்க. கல்யாணம் நின்னுடும். அப்புறம் இவளை யாரு கட்டுவான்?"

எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம ஊரு எலிக்கு ஏது நோவு? எல்லாம் ரயில்ல வர்ற கொங்கருங்க மூட்டையில வருது." கொங்கரு என்பது இங்கே நம்மவர்களுக்கு வைத்திருக்கும் கேலிப்பெயர். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் புட்டம்மாவும் என்னைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னாள்:

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க! தெனம் பாக்கறீங்களே. என் வீடு எப்படி இருக்குது? சுத்தமா இல்லையா? படிச்சவங்க நீங்க சொன்னா இவரு கேப்பாரு."

"சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதி பாதி என் வாயில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போகும்போது, புட்டம்மா வீட்டுக்குள் தூணைப் பிடித்தபடி நின்ற கௌரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன்.

4

எஸ்தர் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நேத்து காலையில பின்கதவைத் திறந்து என்னமோ எறிஞ்சியே. சத்தம் கேட்டுது."

"எலி."

அவள் பையைக் கழற்றி வைத்தாள். பிறகு, "கௌரி அக்கா அழறா" என்றாள்.

ஐந்தேகாலுக்கு அவர் வந்தார். உட்காரவைத்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கைவிரல்களில் ஒட்டியிருந்த மையைத் துடைத்தார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப பேசாம இரு. நாம வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. கொங்கரு எலியோட வந்தாங்கன்னு இப்பவே பேசறாங்க. நாமே போய் ஆமாம்னு சொல்லணுமா? உன் வேலை என்ன ஆகும், யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். டிசம்பர் முடிய எனக்குப் பள்ளியில் பரீட்சைக் காலம். வருடத்தில் பத்து நாளுக்கு மேல் வராமலிருந்தால் வேலை நிலைக்காது என்பது அவர்கள் விதி. எஸ்தருக்கு அம்மை போட்டிருந்தபோது ஏற்கெனவே ஆறு நாள் போகவில்லை. பிளேக் கொட்டகையில் இருப்பவளைத் தண்டுப் பள்ளியில் வாசலில்கூட நிற்கவிடமாட்டார்கள். பத்து நாளில் ஒரு சனி, ஒரு ஞாயிறு போக எட்டு பள்ளி நாட்கள். ஆறும் எட்டும் பதினான்கு.

"நாட்குறிப்புல எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதியாச்சு."

"ஒரு வரிதானே. அடிச்சுடு. அச்சுல நாங்க தெனம் பத்து வரியை எடுத்துடறோம், அதனால பக்கம் என்ன கெட்டா போயிடுது?"

அவரைத் தவறாக நினைக்காதீர்கள். திண்டிவனத்தில் அவர் மாதா கோவில் காணிக்கைத் தட்டில் அடுத்தவர் போட்ட செல்லாக்காசைக்கூடத் தொடாதவர். இங்கே வந்தபிறகுதான், எதைச் சொன்னால் யார் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்துப் பேசுகிறார். வெளியூரில் வாழ்கிறவனுக்கு அந்தத் தராசு தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்திருந்ததால்தான் புட்டம்மாவுக்குப் பாதி பதில் சொன்னேன்.

"அடிச்சுடலாம்" என்றேன். "ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு அவ வீட்டு ஓட்டைப் பிரிப்பாங்க. அங்க மருந்தடிச்சா இங்க இருக்கற நோய் எப்படிப் போகும்? எலி விழுந்தது நம்ம வீட்டுல. எஸ்தர் படுக்கறது அந்த எடத்துலேருந்து எட்டடி."

எட்டடி என்பது நான் அளந்து சொன்னது. அவர் எஸ்தரைப் பார்த்தார். எழுந்து, கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

"வா, போகலாம்" என்றார்.

வெளியே வந்தோம். புட்டம்மாவிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். கதவு பூட்டியிருந்தது. சாமான் ஏற்ற வண்டி கேட்க மகளோடு தம்பி வீட்டுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். ஆகவே மூவரும் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடந்தோம்.

5

ஆபீஸ் என்பது மார்க்கெட்டை ஒட்டிய ஒரு வாடகை வீடு. நாங்கள் போனபோது ஆறு மணி அடித்துப் பத்து நிமிடம். இன்ஸ்பெக்டர் பூட்டுவதற்குச் சாவியை எடுத்துவிட்டார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"எங்கம்மா விழுந்தது?"

"எங்க வீட்டுல, விறகு மூலையில. திங்கட்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு. சந்துல எறிஞ்சேன். புட்டம்மா படியில விழுந்திருக்கு, நான் பார்க்கல."

"கையால தொட்டீங்களா?"

"இடுக்கியால."

"ஊசி போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"நேரமெல்லாம் சரியா சொல்றீங்க. ஊசி மட்டும் போடல." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். "வாயால சொன்னா போதாது. எழுதிக் கொடுங்க, நான் நோட்டீசை மாத்தறேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தமிழ் வேண்டாம்மா. இது சமஸ்தான ஆபீஸ். கன்னடத்துல எழுதணும்."

பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள், என் வாழ்க்கையில் மிக அவசியமான ஒரு காகிதத்தை எழுத முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் எழுத்தைக் கோத்துக் கொடுப்பார். வாக்கியம் அமைக்கத் தெரியாது. எஸ்தர் முன்னால் வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். மேசை உயரமாக இருந்ததால் நின்றுகொண்டே எழுதினாள். மணி மணியான எழுத்து. அவள் கன்னடம் எழுதி நான் அதுவரை உற்றுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்க்க எனக்கு மனமில்லாமல் இருந்திருக்கிறது.

ஆறு வரி வந்தது. தமிழில் சொல்லச் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் இருந்தது. கடைசியில் நான் சொல்லாத ஒரு வரியும் இருந்தது.

"'எங்க அம்மாவுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது, மன்னிக்கணும்'."

"அந்த வரியை அடி" என்றேன்.

"ஏம்மா?"

இன்ஸ்பெக்டரும் அதையே கேட்டார். "இருக்கட்டுமே, உங்களுக்கு நல்லதுதானே?"

"வழக்கம் தெரியும். யோசிக்கல. தெரியாதுன்னு எழுதினா பொய்."

எஸ்தர் ஒரு கோடு கிழித்து அடித்தாள். நான் படிக்கத் தெரியாத ஐந்து வரிகளுக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு மட்டும் தமிழ் செல்லுமாம்.

"புட்டம்மா வீட்டு உத்தரவு வாபஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். "பக்கத்து வீடுங்கறதால அவங்களுக்கு ஊசி மட்டும். உங்க வீட்டுக்கு நாளைக்கு ஆறு மணிக்கு ஆளு வரும். மூணு பேரும் பத்து நாள் கொட்டகை. ஜுரம் வந்தா அந்த நிமிஷமே சொல்லணும்." பிறகு பூட்டைப் பூட்டிக்கொண்டே, "எலியை அடுத்த வீட்டுக்குத் தள்ளறவங்களத்தான் நான் பாத்திருக்கேன்மா. திரும்ப வாங்கிக்க யாரும் வந்ததில்ல" என்றார்.

திரும்பும் வழியில் பள்ளித் தலைவிக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்தில் எழுதிப் பார்த்தேன். காய்ச்சல் என்று எழுதலாம், யாரும் சோதிக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் நடந்ததையே எழுதினேன். பதினான்கு நாள் என்பதையும் நானே எழுதினேன். அவர்கள் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

புட்டம்மா வீடு இன்னும் பூட்டியேயிருந்தது.

"உத்தரவுதான் வாபஸ் ஆயிடுச்சே" என்றார் அவர். "எறிஞ்சது யாருன்னு அவ தெரிஞ்சுக்கணுமா?"

"நம்ம ஓட்டைப் பிரிக்கறதைத் தெருவே பாக்கும். பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம். நான் சொல்லித் தெரிஞ்சுக்கட்டும்."

எஸ்தரிடம் கன்னடத்தில் இரண்டு வாக்கியம் கேட்டேன். அவள் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். மூன்று முறை திருத்தினாள். திருத்தும்போது என் வகுப்பில் நான் பேசுவதுபோலவே பேசினாள்.

6

நவம்பர் 20, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. ஐந்தேமுக்காலுக்கு முதல் வேலையாகப் புட்டம்மாவின் கதவைத் தட்டினேன். எஸ்தர் என் பின்னால் நின்றாள்.

புட்டம்மா திறந்தாள். இரவு தூங்காத முகம். கூடத்தில் பாதி கட்டிய மூட்டைகள். ஒன்றின்மேல் கௌரியின் கல்யாணப் புடவை. வாபஸ் ஆன செய்தி அவளுக்கு இன்னும் வரவில்லை. நான் படிக்குக் கீழேயே நின்றேன்.

"ஆ இலி நம்ம மனேது, புட்டம்மா. நானே எசெதே."

அந்த எலி எங்கள் வீட்டுடையது, நான்தான் எறிந்தேன். அதற்குமேல் என்னிடம் கன்னடம் இல்லை. உங்கள் வீட்டைப் பிரிக்கமாட்டார்கள், எங்கள் வீட்டைத்தான் பிரிப்பார்கள், கல்யாணம் நடக்கும் என்பதைத் தமிழில் சொன்னேன்.

அவள் முதலில் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கன்னடத்தில், தெருவெல்லாம் கேட்க, மூச்சு விடாமல். எனக்கு நாலில் ஒன்று புரிந்தது. எஸ்தர் மொழிபெயர்க்க வாயெடுத்தாள், வேண்டாம் என்றேன். எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியோடு வெளியே வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் புட்டம்மா, "உங்களுக்கு என்ன இங்க வேடிக்கை, உள்ள போங்க!" என்று அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள்.

"நேத்து உங்க கையைப் புடிச்சுகிட்டு நின்னேனே, அப்ப சொல்றதுக்கென்ன? ராத்திரி பூரா என் பொண்ணு அழுதா. திங்கக்கெழமை எலி விழுந்ததா? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா உங்க பத்து நாள் வர்ற பொதன்கெழமையோட முடிஞ்சிருக்கும். வியாழக்கெழமை மதுவேக்கு வந்திருக்கலாம்! இப்ப எப்படி வருவீங்க? எஸ்தரு வராம கௌரி மணையில உக்காருவாளா? படிச்சவங்களாம்! ஒரு கணக்குத் தெரியல!"

மனத்தில் எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு ஏணியோடு நான்கு ஆட்கள் வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். அவள் திட்டி முடிக்கும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொன்னேன். பிறகு போய் வீட்டைத் திறந்துவிட்டேன்.